பொத்தான் டப்பாவில் ஏழு ஜெட்டுகள்

பள்ளியில் கைவேலை வகுப்புக்குப் பொத்தான்கள் கொண்டுவரச் சொன்னார்களாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். மூடி திறக்க மறுத்தபோது கரண்டிக் காம்பால் நெம்பி, உள்ளிருந்ததை எல்லாம் கூடத்துத் தரையில் கவிழ்த்துவிட்டாள். சட்டைப் பொத்தான்கள், கொக்கிகள், ஒற்றைத் தோடு, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. இவற்றுக்கிடையே பித்தளையில் ஏழு துண்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும்; தலையில் திருப்புளி பொருந்த ஒரு கோடு, நடுவே ஊசித் துளை, மேலே பொடி எழுத்தில் ஓர் எண்.

"உம்மா, இது எந்தச் சட்டப் பொத்தான்?"

"பொத்தான் இல்ல. வாப்பா வண்டியோட சாமான்."

"வாப்பாவுக்கு வண்டியே கெடையாதே!"

அவள் பிறந்து நினைவு தெரிந்த நாளிலிருந்து கிடையாதுதான். ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசனை எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்த்தேன் போலும். தகர வாசனைதான் அடித்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால், ஏழையும் எண் வரிசைப்படி தரையில் அடுக்கியிருக்கிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எங்கள் வீட்டு மசாலா டப்பாக்கள்கூட அகர வரிசையில்தான் நிற்கும். ஆனால் வரிசையின் நடுவில் ஒரு துண்டு வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன். கை தானாகச் செய்த காரியம் அது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

இந்தத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டருக்குள் இருப்பது. எஞ்சின் ஒரு மூச்சுக் காற்றை இழுக்கும்போது அதனோடு எத்தனை பெட்ரோல் சேர்ந்து போகலாம் என்பதை இந்தத் துளை தீர்மானிக்கிறது. எண் கூடினால் துளை பெரிது, பெட்ரோல் மிகுதி. இதற்கு மேல் கேட்டீர்களானால் எனக்குத் தெரியாது. இதற்கு மேல் தெரிந்தவர்கள் என்று நம்பி நான் தேடிப்போன மூவரும் ஆளுக்கொரு ஜெட்டை மாட்டினார்கள் என்பது மட்டும் தெரியும்.

எனக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கடையநல்லூரில் புகுந்த வீடு; தென்காசியில் ஒரு கல்லூரி நூலகத்தில் புதிதாகக் கிடைத்த வேலை. கணவர் வளைகுடாவில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கிறவர். திருமணம் முடிந்த மூன்றாம் வாரம் விமானம் ஏறியவர், இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் விடுப்பில் வந்தார். முப்பது நாள். முதல் நான்கு நாள் உறவினர் வீட்டு விருந்துகளில் போயிற்று. ஐந்தாம் நாள் காலை, வாசலில் போர்வை மூடி நின்ற தம் மோட்டார் சைக்கிளின் போர்வையை விலக்கினார். அதோடு அந்த விடுப்பு முடிந்தது என்றே சொல்ல வேண்டும். 'ஒரு அரை மணி நேரம்' என்று பட்டறைக்குப் போவார். மதியச் சோறு ஆறிப்போகும். அந்தி மயங்க, நகக்கண்ணில் கிரீஸோடு திரும்புவார். கைகழுவ நான் தண்ணீர் ஊற்றும்போது வண்டியைப் பற்றித்தான் பேச்சு. குற்றாலத்து ஐந்தருவிக்கு இருவரும் அந்த வண்டியில் போவதாக ஒரு திட்டம் இருந்தது. வண்டி ஓடத் தொடங்கிய நாளும் அவர் விமானம் ஏறிய நாளும் ஒன்றாக அமைந்தன.

கோபித்துக்கொண்டேனா என்றால், இல்லை. அந்த முப்பது நாளில் மூன்று தடித்த புத்தகங்களைப் படித்து முடித்தேன். அதுதான் என் கோபம்.

திரும்பிப் போனவர் வண்டியை மறக்கவில்லை. எங்கள் ஊரில் விடுப்புக்கு வருகிற எவரும் தம் பெட்டியில் தம் சாமான்களை மட்டும் கொண்டுவருவதில்லை. அறையில் உடன் தங்கியவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள் என்று பத்துப் பேர் வீட்டுப் பொட்டலங்கள் அதில் இருக்கும். வந்த மறுநாள் அவர் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ப்பிப்பார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குத் தைலமும் பால்பவுடரும் வந்துகொண்டிருந்தன. இப்போது அவற்றோடு வண்டிச் சாமான்களும் வரத் தொடங்கின. குளியல் துண்டில் சுற்றிய பெரிய கார்புரேட்டர், அடுத்த தெருக்காரர் பெட்டியில் வந்தது. கூடு இல்லாமல் திறந்தே இருக்கும் கூம்பு வடிவக் காற்று வடிகட்டி, பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வந்தது. மூன்றாவதாக ஒருவர் ஒரு கம்பளச் சுருளைத் தோளில் சுமந்துவந்து இறக்கினார். மாமி ஆசையாகப் பிரித்தார். நீளமாக, பளபளவென்று ஒரு சைலன்சர்.

"பாரு பிள்ள, எம்மவன் கம்பளத்துக்குள்ள பீரங்கிய வச்சு அனுப்பியிருக்கான். யாரச் சுடப் போறானாம்?" என்றார் மாமி.

தெருமுனை மெக்கானிக் ஒருவர், தொலைபேசியில் என் கணவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக மாட்டினார். உடையவர் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்க்காமலே ஒரு வண்டி வேறு வண்டியாயிற்று. மூன்றையும் மாட்டி முடித்த அன்று அது தெருவே திரும்பிப் பார்க்க உறுமியது. நான்கு வீடு தள்ளிப் போய் நின்றுவிட்டது. "மாட்டுதது என் வேல. பெருசு பெருசா மாட்டுன பெறவு இத ட்யூன் பண்ணணும். அதுக்கு வேற ஆளு பாருங்க" என்று அவர் கைதுடைத்துக்கொண்டார்.

இரண்டாம் விடுப்பு சாரல் காலத்தில் என்று முடிவாகியிருந்தது. இன்னும் எட்டு வாரம். இந்த முறை விடுப்பைப் பட்டறைக்குக் கொடுப்பதில்லை என்று நான் உறுதி செய்துகொண்டேன். கணவர் அழைத்தபோது சொன்னேன்.

"மச்சான், நீங்க வாரதுக்குள்ள நான் ஆளு பாத்து ட்யூன் பண்ணி வச்சிருதேன். வந்ததும் சாவியப் போடுதோம், ஐந்தருவிக்குப் போறோம். பட்டறைப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

"சரிட்டி. ஆனா நான் போன்ல கேட்டு, சரின்னு சொன்னாத்தான் சரி."

"போன்லயா?"

"பதினாலு வருசமா எஞ்சினோடயே கெடக்கேன். சத்தத்தக் கேட்டாப் போதும், நோவு எங்கன இருக்குன்னு சொல்லிருவேன்."

நியாயமான நிபந்தனையாகத்தான் பட்டது. அவர் காதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாட்களில் என் வாப்பாவின் வண்டியை வயல்வெளிச் சாலைகளில் ஓட்டிப் பழகியவள். ஆனால் வயல்வெளி வேறு, கடையநல்லூர் நெடுஞ்சாலை வேறு. புர்க்காவோடு நான் அந்தப் பீரங்கி வண்டியில் போனபோது தேநீர்க்கடை வாசலில் பேச்சு நின்றது. "யாருடே அது?" என்று ஒரு குரல் கேட்க, "நம்ம லைப்ரரி அக்கால்லா! புஸ்தகம் திருப்பிக் குடுக்காதவன வெரட்டிப் பிடிக்கப் போறாவ" என்று இன்னொரு குரல் சொன்னது. அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். அவர் உண்மையிலேயே இரண்டு புத்தகங்களைத் திருப்பித் தரவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நூலகத்து முறைப்படி தொடங்கினேன். அப்போதுதான் எங்கள் நூலகம் கணினிக்கு மாறியிருந்தது. கட்டுக்கட்டாக எழுதாத அட்டவணை அட்டைகள் மிஞ்சிக் கிடந்தன. ஒரு ட்யூனருக்கு ஓர் அட்டை. அதில் அவர் போட்ட ஜெட்டின் எண், பெட்ரோலை மட்டுப்படுத்தும் ஊசி எத்தனையாவது வெட்டில், காற்றுத் திருகு எத்தனை சுற்று, பிளக்கின் நிறம், ஓட்டிப் பார்த்த என் கருத்து, கடைசியாகத் தொலைபேசித் தீர்ப்பு. இவ்வளவு ஒழுங்காகக் குழம்பியவர்கள் உலகத்தில் குறைவு.

முதல் அட்டை, தென்காசிப் பழைய பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில் பட்டறை வைத்திருந்த செல்லத்துரை அண்ணாச்சியுடையது. அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்டது ஒரே கேள்வி.

"சாரல்லயும் ஓட்டுவீயளா டீச்சரம்மா?"

நான் ஆசிரியை இல்லை, நூலகர் என்று திருத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டார், கடைசிவரை டீச்சரம்மாதான். சாரலில்தான் ஓட்டப்போகிறோம் என்றதும், திறந்த வடிகட்டிக்கு மழைத் தொப்பி போல ஓர் உறை தைத்து மாட்டினார். பிறகு குற்றாலம் வரை தாமே ஓட்டிப் போய் வந்து, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஜெட்டை மாற்றினார். மீண்டும் குற்றாலம், மீண்டும் பிளக். மூன்று நாள் இதே வேலை.

"பாலு கூடுன காப்பி நெறத்துல இருக்கணும் பாத்துக்கிடுங்க. கறுத்தா பெட்ரோல் சாஸ்தி. வெளுத்தா காத்து சாஸ்தி. இப்பப் பாருங்க."

பார்த்தேன். எங்கள் நூலகத்துக்கு நாலு மணிக்கு வரும் காபியின் நிறம். ஓட்டிப் பார்த்தேன், மணிக்கட்டை நினைத்த அளவுக்கு முறுக்கினால் நினைத்த அளவுக்கு வண்டி போயிற்று. அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று மகிழ்ந்து, வெள்ளிக்கிழமை அந்தியில் பட்டறையிலிருந்தே கணவரை அழைத்தேன். வளைகுடாவில், பேச உதவும் சில செயலிகளுக்குத் தடை. இவர் யாரிடமோ கேட்டு இறக்கிய ஒரு செயலியில்தான் பேசுவோம். செல்பேசியைச் சைலன்சர் அருகே அண்ணாச்சி நீட்டிப் பிடித்தார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஐடிலிங் நிக்கலையே! எழும்புது, விழுது. மிஸ்ஸிங் அடிக்கு" என்றது வளைகுடா. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது ஐடிலிங்; அப்போது நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனால் அது மிஸ்ஸிங்.

"எங்கன அடிக்கு? நான் இங்கனதானவே நிக்கேன்?"

"எனக்கு எஞ்சின் காது அண்ணாச்சி. தப்பாது."

"அப்ப எங்காது என்ன முருங்கக்காயா?" என்று செல்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார் அண்ணாச்சி. "டீச்சரம்மா, பிளக்கு சொல்லுதத நான் கேப்பேன். போன் சொல்லுதத கேக்க மாட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஒரு பக்கம் பிளக்கும் என் மணிக்கட்டும். மறு பக்கம் பதினாலு ஆண்டு எஞ்சின்களோடு கிடந்த காது. அட்டையில், 'பிளக்: பால் காபி. ஓட்டம்: நன்று. தொலைபேசி: மிஸ்ஸிங்' என்று எழுதினேன். மூன்றில் எதை அடிப்பது என்று பேனாவோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் உணர்ந்தது பழக்கமில்லாதவளின் உணர்வு, மூன்று நாள் அலைந்த களைப்பில் நன்றாக இருப்பதாகத் தோன்றிய உணர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு ஆள் தேடினேன்.

இரண்டாம் அட்டை சுரண்டை முருகேசனுடையது. இளைஞர், பந்தயங்களில் ஓட்டியவர், சைலன்சருக்குள் ஒரு கம்பியைச் செருகி, காற்றும் பெட்ரோலும் என்ன விகிதம் என்று எண்ணில் காட்டும் மீட்டர் வைத்திருந்தார். அண்ணாச்சியின் பிளக் கதையைச் சொன்னதும் சிரித்தார். "அது கைவைத்தியம் மேடம். நம்மகிட்ட டேட்டாதான் பேசும்." பேசிற்று. மீட்டரை உற்றுப் பார்த்த முருகேசனின் முகம் மாறியது.

"ரீடிங் கரெக்டா இருக்கே மேடம். இத எதுக்குக் கொண்டாந்தீங்க?"

கைவைத்தியமும் மீட்டரும் ஒன்றையே சொல்ல, நான் இன்னும் குழம்பினேன். வெள்ளிக்கிழமை வந்தது. செல்பேசியை நீட்டினோம். "அதே மிஸ்ஸிங்தான்" என்றார் கணவர். அண்ணாச்சியைப் போல முருகேசன் ரோசப்படவில்லை. "கஸ்டமர் காதுதான் மேடம் ஃபைனல்" என்று, மீட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பெரிய ஜெட்டாகப் போட்டார். ஐடிலிங்கைக் கூட்டினார். "இப்பத் தேவல... இல்ல, திரும்ப விழுது" என்றது காது. இன்னும் பெரிய ஜெட். பெட்ரோல் வாசனை என் புர்க்காவில் ஏறி, வீட்டுக்குள் வந்தது.

"வயித்துப்பிள்ளக்காரிய ஆசுபத்திரி ஆசுபத்திரியா கூட்டிட்டு அலையுத மாதிரில்லா அலையுத" என்றார் மாமி. "ஒரு டாக்டரு நல்லாயிருக்குன்னு சொன்னா வீட்டுக்குக் கூட்டியாரணும். நீ அடுத்த டாக்டர்கிட்ட போற."

"ஒங்க மவன் நல்லாயில்லங்கிறாகளே மாமி."

"அவன் எங்க இருக்கான், வண்டி எங்க இருக்கு!"

மாமி பள்ளிக்கூடம் போனதில்லை. அந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது. நான்தான் அதைத் தாயின் ஏக்கமாக எடுத்துக்கொண்டு, அவருக்கு ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

மூன்றாம் அட்டை செங்கோட்டை ஷாஜி. மலைக்கு அப்பால், கேரளத்தில் வேலை கற்றுக்கொண்டவர். "குழப்பம் ஒண்ணும் இல்ல சேச்சி" என்றார். அவர் பக்கத்து வழக்கில் அதற்குச் சிக்கல் ஏதுமில்லை என்றுதான் பொருள். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. முருகேசன் கூட்டியதை எல்லாம் ஷாஜி குறைத்தார். குறைத்தது போதாதென்று மேலும் குறைத்தார். வண்டி இறக்கத்தில் பட்டாசு வெடிக்கத் தொடங்கிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, மறு வெள்ளிக்கிழமை. எழும்புது, விழுது, மிஸ்ஸிங். ஆறு வாரம் போய்விட்டிருந்தது. வீட்டுப் பொத்தான் டப்பாவில் கழற்றிய ஜெட்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன.

ஏழாம் வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. ஏற்றத்தில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தனியாக ஐந்தருவிச் சாலையில் ஏறினேன். சாரல் பிடித்துவிட்டிருந்தது; குன்றே தெரியவில்லை. பாதி ஏற்றத்தில் வண்டி இருமியது, திணறியது, இரண்டு முறை நின்றது. இந்த முறை என் மணிக்கட்டுக்கும் சந்தேகமில்லை. ஒருவழியாக மேலே போய், அருவிக்கு எதிரே ஒரு பழக்கடை ஓரம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன்; அதற்குள் எனக்கு அது கைவந்திருந்தது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நேந்திரங்காய் வறுபடும் தேங்காய் எண்ணெய் மணம், ஈர மண், நனைந்த கம்பளி போல மேகம். நியாயமாக நான் மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டிய இடம். அடுத்த வாரம் அவர் வருகிறார். இதே வாசனைக்குள் அவரோடு நிற்பதற்கு மாறாக, மறுபடியும் ஒரு பட்டறை வாசலில் அவர் குந்தியிருக்க, வீட்டில் நான் நாலாவது தடித்த புத்தகத்தை எடுப்பேன் என்று தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் அவர் அழைப்பு வந்தது. படத்தோடு. வண்டியைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அருவியையாவது காட்டலாம் என்று செல்பேசியைத் திருப்பினேன். ஐந்து கிளையும் நிரம்பி விழுந்துகொண்டிருந்தது. அருகில் நின்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தத்த அமத்தி வச்சிருக்கியாட்டி?" என்றார்.

"இல்லையே!"

"நீ பேசுதது மட்டும் கேக்கு. தண்ணி ஊமையால்லா விழுது."

நான் பேசாமல் செல்பேசியை அருவிக்கு நேரே நீட்டினேன். காதுக்குள் செருகியிருந்த கருவியில் அவர் குரல் மட்டும் வந்தது. "ஆங், இப்பக் கேக்கு... போயிட்டு... திரும்ப வருது..." பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏட்டி, அருவிக்கும் மிஸ்ஸிங் அடிக்கு!"

அவருக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவிக்கு மிஸ்ஸிங் அடிக்காது. எந்த மெக்கானிக்கும் அதைத் திருகி வைக்கவில்லை. செயலிதான், பேச்சைத் தெளிவாகக் கேட்கவைக்கிறேன் என்று, இடைவிடாமல் வரும் ஓசையை எல்லாம் இரைச்சல் என்று வெட்டிக்கொண்டிருக்கிறது. சீராக ஓடும் எஞ்சினும் இடைவிடாத ஓசைதான். எத்தனைக்கெத்தனை சீராக ஓடியதோ, அத்தனைக்கத்தனை அது வெட்டியிருக்கிறது. அண்ணாச்சி முதல் வாரமே சரி செய்துவிட்ட வண்டியை, ஆறு வாரமாக ஊர் ஊராகக் கொண்டுபோய், ஒரு செயலிக்குப் பிடிக்கும்படி நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "அருவிய விடு. எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் சற்றுக் காயம் இருந்தது. அவருக்கு அங்கே பெருமைப்பட இருந்தது அந்தக் காது ஒன்றுதான். நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் முதல் அட்டையும் பொத்தான் டப்பாவுமாகச் செல்லத்துரை அண்ணாச்சி முன் போய் நின்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல வாக்கியம் ஒன்றை வழியெல்லாம் தயாரித்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் அட்டையை வாங்கிப் படித்தார்.

"காத்துத் திருகு ஒண்ணரைச் சுத்து. ஊசி ரெண்டாவது வெட்டு. நானே மறந்துட்டேனே, இதெல்லாமா எழுதி வப்பாவ?" என்று வியந்தார். பிறகு, "ஜெட்ட தொலைச்சிட்டீயளா?" என்றார். டப்பாவைத் திறந்து, அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து அவருடைய ஜெட்டை எடுத்துக் கொடுத்தேன். மாட்டினார். குற்றாலம் வரை போய் வந்தார். பிளக்கைக் கழற்றி என் முன் நீட்டினார். பால் காபி.

"அப்ப எங்காது முருங்கக்காய் இல்ல" என்றார், அவ்வளவுதான்.

எட்டாம் வெள்ளிக்கிழமை செல்பேசியைச் சைலன்சர் அருகே கொண்டுபோகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, "வண்டி சரியா இருக்கு மச்சான். போன்ல கேக்க வேண்டாம். வந்து கேளுங்க" என்றேன். மறுமுனையில் எதுவும் இல்லை. அவர்தான் பேசாமல் இருந்தாரா, அவர் சொன்ன எதையோ செயலி வெட்டிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வந்து சேர்ந்த மறுநாள் விடியலில் கண்விழித்தபோது, படுக்கையில் உட்கார்ந்து எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் மாமி பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டின் மேல் தூறல். மின்விசிறி கிரீச்சிட்டது. அடுத்த தெருவில் யாருடைய தறியோ.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போன்ல நீ மட்டுந்தான் இருப்ப. இங்கன ஒனக்குப் பின்னால எல்லாம் சேந்து பேசுது." பிறகு, "ஒன் கொரலே வேற மாதிரி இருக்கு" என்றார்.

தேநீர் குடித்த கையோடு வண்டியை உதைத்தார். பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக் கேட்டார். நான் வாசற்படியில் நின்றேன்.

"இது நம்ம வண்டிதானா?"

"ஏன், மிஸ்ஸிங் அடிக்கா?"

"இல்ல. நிக்காம ஓடுது." திருகைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டார். "எனக்கு அந்தச் சத்தந்தான் பழகிட்டு. நடுவுல ஒண்ணு விழும்லா... அது இல்லாம, வேற யாரோ வண்டி மாதிரி இருக்கு."

அன்று மாலை ஐந்தருவிக்குப் போனோம். ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. அருவிக்கு வெகு தூரம் முன்பே அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அருவியின் முன் நின்று, குளிக்காமல், நனைந்துகொண்டே, நெடுநேரம் கேட்டார்.

அந்த விடுப்பிலும் ஒரு காலைப்பொழுது பட்டறையில்தான் கழிந்தது. அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் என்றார், நானும் போனேன். இருவரும் மாறி மாறிப் பிளக்கை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். அட்டைகளை அவர் ஒன்று விடாமல் வாசித்தார். 'தொலைபேசி: மிஸ்ஸிங்' என்ற வரி வந்த இடமெல்லாம் என்னைப் பார்த்தார்.

மகள் பிறந்த பிறகு வண்டியை விற்றோம். வாங்கியவர் எந்த ஊர் என்பதுகூட மறந்துவிட்டது. அண்ணாச்சியின் பட்டறை இருந்த சந்தில் இப்போது செல்பேசி உறை விற்கும் கடை. அவர் தம் மகன் வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது வரும் வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை. சாரலோ வெயிலோ, காற்றைத் தானே அளந்து, பெட்ரோலைத் தானே முடிவு செய்துகொள்ளும் சிறு கணினி உள்ளே இருக்கிறதாம். முருகேசன் மடிக்கணினியைச் செருகித்தான் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. மிஞ்சிய அட்டைகளை நூலகத்தில் பழைய தாள்களோடு போட்டுவிட்டார்கள். கணவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நேற்று வெள்ளிக்கிழமை. பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் என் கையிலிருந்து செல்பேசியைப் பிடுங்கி, எங்கெங்கோ அழுத்தினாள். பின்னணி ஓசையை வெட்டாமல் அப்படியே அனுப்பவும் இப்போது அதில் வழி இருக்கிறது. அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். சன்னல் கம்பிக்கு வெளியே செல்பேசியை நீட்டினாள்.

"வாப்பா, சாரல் கேக்குதா?"

"கேக்கு தாயி. நல்லாக் கேக்கு." பிறகு, "கொஞ்சம் பொறு. அதுக்குப் பின்னால என்ன சத்தம்?" என்றார்.

மழைக்குள் தெருக்கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. புது வண்டி, நூல் பிடித்தாற்போல் சீரான ஓசை. அது வளைவில் திரும்பி மறையும் வரை அவர் பேசவில்லை. இந்த முறை அது அவருடைய மௌனம்தான் என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் ஏதோ ஒரு ஜெனரேட்டர் ஓடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"நம்ம வண்டி இல்ல" என்றார்.

தரையில் நான் ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய ஏழும் இன்னும் அப்படியே கிடந்தன. எட்டாவது, அண்ணாச்சியுடையது, வண்டிக்குள்ளேயே போய்விட்டது. நடுவே விட்ட இடத்தைத் தாண்டி, எண் வரிசைப்படியே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன்.